சிரிக்கும் டிரைவர்

சார்ஜென்ட் அம்மா, எங்கள் லெட்கோம் பக்கத்தில் வெயில் என்பது கேட்டவுடன் கிடைக்கிற பொருள் அல்ல. ஆகஸ்ட் மாதம் என்றாலும் வானம் காலையிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். ரயிலைப் படம் எடுக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தொல்லை இல்லை. தாளைக் கொடுத்து, உங்கள் பாணியிலேயே எழுதுங்கள் என்றீர்கள். அதனால் வெயிலிலிருந்து தொடங்குகிறேன். தேநீர் நன்றாக இருந்தது, நன்றி.

என் பெயர் சிரில் ப்ரீஸ். வயது எண்பத்து மூன்று. எங்கள் ரயில் படக் கழகம் வியாழன்தோறும் மதியம் இரண்டு மணிக்குத் தேவாலயக் கூடத்தில் கூடும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பழைய படத்தைச் சுவரில் காட்டுவோம். காட்டுகிறவர் வாய் திறக்கக்கூடாது. எந்த ஊர், எந்த இன்ஜின், எந்த நாள் என்று மற்றவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். புகைபோக்கியின் விளிம்பைப் பார்த்தே வருஷம் சொல்கிறவர்கள் எங்களிடம் உண்டு. ஒரு விளக்கு எந்தக் கொக்கியில் தொங்குகிறது என்பதற்காக இரண்டு பேர் ஏழு வருஷம் பேசாமல் இருந்ததும் உண்டு.

மனிதர்களை மட்டும் நாங்கள் பார்ப்பதில்லை. ஒருமுறை ஹில்டா என்கிற அம்மாள் தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். பின்னால் ஒரு சரக்கு வண்டி நின்றது. முக்கால் மணி நேரம் அதன் சக்கரத்தைப் பற்றிப் பேசினோம். மாப்பிள்ளை யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. ஹில்டாவும் கோபித்துக்கொள்ளவில்லை, அவரும் எங்கள் ஆள்தானே. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு எளிதாகப் புரியும்.

நான் எடுத்த படங்களில் ஒன்று இந்த வட்டாரத்தில் பிரபலம். 'சிரிக்கும் டிரைவர்' என்று பெயர். மார்ச்வெல் ஹால் என்ற இன்ஜின் லெட்கோம் ஸ்டேஷனுக்குள் நுழைகிறது. வெயில் அதன் சக்கரத்தில் பளிச்சென்று விழுகிறது. டிரைவர் பிளாட்பாரப் பக்கம் பாதி உடம்பை வெளியே நீட்டி, வாயை அகலமாகத் திறந்து, ஒரு கையைத் தூக்கி, ஓரமாக எதையோ பார்க்கிறார். அந்தச் சிரிப்புக்காகவே படம் காலண்டரில் வந்தது. பிஸ்கட் டப்பா மூடியில் வந்தது. ஐந்நூறு துண்டு புதிர் அட்டையாகவும் வந்தது. வருஷக் கடைசிக் கூட்டத்தில் எல்லோரும் அந்த டிரைவர் போல வாயைப் பிளந்து, கையைத் தூக்கிச் சிரிக்க வேண்டும். யார் சிரிப்பு நன்றாக இருக்கிறதோ அவருக்கு ஒரு கேக். நானும் ஒருமுறை வாங்கியிருக்கிறேன்.

மனிதர் எதைப் பார்த்து அப்படிச் சிரிக்கிறார் என்று அறுபது வருஷமாக ஊகம் நடக்கிறது.

"பிளாட்பாரத்துல எவளாவது அழகா நின்னிருப்பாப்பா, வேறென்ன," என்பார் ரோலண்ட் யாப். இவர்தான் எங்கள் கழகத்தின் பெரிய மூளை.

"அதெல்லாம் இல்ல. சிரில் போட்டிருந்த பேண்ட்டைப் பாத்திருப்பாரு," என்பாள் பெரில்.

கூடமே குலுங்கும். நானும் கண்ணில் நீர் வரச் சிரிப்பேன். உண்மையாகவே அவை சந்தோஷமான நாட்கள் அம்மா, நான் நடிக்கவில்லை.

பெரில் யாரென்று சொல்ல வேண்டும். பெரில் க்வில்லியம், ட்ரெவரின் தங்கை. ட்ரெவர் க்வில்லியம் என் நண்பன். நல்ல பையன், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ரொட்டிக் கடையில் வேலை. அவனிடமும் ஒரு கேமரா உண்டு. சனிக்கிழமை தோறும் எனக்கும் சேர்த்துச் சீஸும் ஊறுகாயும் வைத்த சாண்ட்விச் கொண்டுவருவான். அவனிடம் ஒரே ஒரு குறை. இன்ஜின் கிட்டே வந்தால் குழந்தை மாதிரி ஆகிவிடுவான். சரியாக நான் பொத்தானை அமுக்கும் நேரத்தில் முன்னால் ஓடிப் போய் டிரைவருக்குக் கையாட்டுவான். மூன்று வருஷத்தில் என் படங்கள் பத்தொன்பதில் அவன் பின்மண்டை விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்பான். ஒவ்வொரு முறையும் மன்னித்தேன். பத்தொன்பது முறை மன்னிப்பது ஒரு மனிதனுக்கு அதிகம் என்று நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

1962 ஆகஸ்ட் பதினொன்று, சனிக்கிழமை. லெட்கோமில் பிளாட்பாரம் நடுவில், தண்டவாளம் இரண்டு பக்கமும். அதன் கோடியில் மூன்று மணி நேரம் நின்றோம். மேகம் விலகவே இல்லை. என் கேமராவில் கடைசிப் படம் ஒன்றுதான் பாக்கி. மார்ச்வெல் ஹால் ஒரு வருஷத்துக்கு மேல் பட்டறையில் பிரித்துப் போடப்பட்டிருந்து, புதுப் பெயிண்ட்டோடு முதல்முறையாக வருகிறது. வலப்பக்கம் அது வளைவில் தலை காட்டிய அதே நொடியில் வெயில் வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. கேமராக் கண்ணாடிக்குள் பார்த்தேன். ட்ரெவரின் பின்மண்டை தெரிந்தது.

"ட்ரெவர், தள்ளி நில்லுடா."

"இர்ரா, இந்தப் பக்கம் நிலக்கரி வண்டியும் வருது. ரெண்டும் ஒண்ணா வருதுடா, அடிச்சது யோகம்."

"தள்ளி நில்லுன்னு சொன்னேன்."

"ஏன், உன் இன்ஜின் ஓடியா போயிரும்?"

ஓடித்தான் போகும், சார்ஜென்ட் அம்மா. அது ரயில்.

அதனால் நானே அவனை நகர்த்தினேன். இடது கையால், இடப்பக்கமாக. நேற்று உங்கள் ஆள் 'தள்ளினார்' என்று எழுதிக்கொண்டார். நான் அவனைப் படத்திலிருந்துதான் வெளியேற்றினேன். அந்தப் பக்கம் பிளாட்பாரம் அரை அடிதான் இருந்தது. நிலக்கரி வண்டியின் சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. அது வருகிறது என்று அவனே சொல்லியும் இருந்தான். வலப்பக்கம் நகர்த்தினால் என் இன்ஜினுக்கு முன்னால் விழுந்திருப்பான், படம் கெட்டிருக்கும்.

அவன் என் கோட்டைப் பிடித்தான். பிடித்த கையை நான் பிடித்திருக்கலாம். ஆனால் அதற்குள் என் இரண்டு கையும் கேமராவில் இருந்தன. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு சின்ன அசைவுகூட இருக்காது.

அப்போது நடந்த மரண விசாரணையில், ட்ரெவர் தானாகவே பின்னால் கால் வைத்தான் என்றேன். என் கேமரா உறைக்குள் இருந்தது, அன்று படமே எடுக்கவில்லை என்றும் சொன்னேன். மார்ச்வெல் ஹாலின் டிரைவர் வந்து, பையன் விழுவதைப் பார்த்தேன், கத்தினேன், ஏன் விழுந்தான் என்று தெரியாது என்றார். அது ஊர்ச் செய்தித்தாளிலும் வந்தது. ஆனால் அவர்கள் இன்ஜினின் நம்பரைப் போடவில்லை. அதனால் எங்கள் ஆட்கள் யாரும் அதைப் படிக்கவில்லை.

படத்துக்கு அடியில் 1961 ஜூன் என்று எழுதி வைத்தேன். தப்பான தேதியை என் கையாலேயே எழுதியது இத்தனை வருஷமும் எனக்கு நெருடலாகத்தான் இருந்தது. அந்தப் பத்தொன்பது படங்களையும் கிழித்தேன். பிறகு பெரில் வந்து கேட்டாள்.

"சிரில், எங்க ட்ரெவர் இருக்குற படம் ஒண்ணாவது உங்ககிட்ட இருக்கா? பின்னாலேர்ந்து எடுத்ததா இருந்தாக்கூடப் பரவாயில்ல."

இல்லை என்றேன். அது உண்மைதான், அப்போது இல்லை. அதற்குப் பதில் சிரிக்கும் டிரைவரைச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். அவள் சமையலறையில் மாட்டியிருக்கிறாள். காலையில் எழுந்ததும் அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் அன்றைய நாள் நன்றாகப் போகும் என்பாள். பார்க்கப் போனால் நான் அவளுக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். கழகம் ஒரு புத்தகம் போடுகிறது. அட்டையில் என் படம். அதற்காக ரோலண்ட் பட்டறையின் பழைய பதிவேட்டைத் தேடிப் பிடித்துப் படித்துவிட்டார். படத்தைச் சுவரில் காட்டிவிட்டு, முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"சிரில், நீ மாட்டிக்கிட்டப்பா. 61 ஜூன்ல இந்த இன்ஜின் பட்டறையில கிடந்திருக்கு. கொதிகலனே இல்ல. மறுவருஷம் ஆகஸ்ட் பத்து, வெள்ளிக்கிழமைதான், படத்துல இருக்கிற இந்தப் புதுப் பெயிண்ட்டோட வெளிய வந்திருக்கு. அடுத்த வசந்தத்துல உடைச்சிட்டாங்க."

"அப்ப நடுவுல எடுத்திருப்பேன்," என்றேன்.

"எப்படி எடுப்ப? ட்ரெவர் போனப்புறம் ரெண்டு வருஷம் நீ கேமராவைத் தொடலன்னு நீயே எங்ககிட்ட நூறு தடவை சொல்லிருக்க. மிச்சம் இருக்கிறது ஒரே நாள், சனிக்கிழமை பதினொண்ணு. அன்னிக்கு உன் கேமரா உறைக்குள்ள இருந்துச்சு. அப்ப யார் எடுத்தது?"

எல்லோரும் பெரிலைப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கம்மா ட்ரெவரோட கேமராவை, ஃபிலிமோட உங்ககிட்டதான குடுத்தாங்க, சிரில்," என்றாள்.

"அதேதான். அவன் ஃபிலிம் இவன் ஃபிலிமோட கலந்து போயிருக்கு. இவன் வேணும்னு பண்ணலம்மா," என்று ரோலண்ட் என் தோளைத் தட்டினார்.

கூடம் கைதட்டி ஓய்ந்தது. கையைத் தூக்கி வாக்கெடுத்தார்கள். அட்டையில் 'படம்: ட்ரெவர் க்வில்லியம்' என்று போட ஒருமனதாகத் தீர்மானம். ஹில்டா அழுதார். யாரோ டிரைவர் மாதிரி வாயைப் பிளந்து சிரித்துக் காட்ட, மற்றவர்களும் எழுந்து நின்று கையைத் தூக்கிச் சிரித்தார்கள். பெரில் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அறுபது வருஷமா நான் நினைக்காத நாள் இல்ல, சிரில். கடைசியா அவன் எதைப் பாத்திருப்பான்னு. ஒரு சிரிச்ச மூஞ்சியத்தான் பாத்திருக்கான். எனக்கு இது போதும்."

நான் சும்மா இருந்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். புத்தகம் வந்திருக்கும், பெரில் நிம்மதியாகச் செத்திருப்பாள், நானும் என் படுக்கையில் செத்திருப்பேன். அது எனக்குத் தெரியும். மூன்று நிமிஷம் முயன்று பார்த்தேன். பிஸ்கட் தின்றேன். முடியவில்லை. அந்தப் பையனுக்கு வெயிலை அளக்கத் தெரியாது அம்மா. அவன் எடுத்ததெல்லாம் ஆடிப் போன படங்கள்.

"அதை எடுத்தது நான்," என்றேன்.

"உன் கேமராதான் உறைக்குள்ள இருந்துச்சேப்பா," என்றார் ரோலண்ட்.

"இல்ல. அன்னிக்குச் சொன்னது பொய்."

"அப்ப ட்ரெவர் எங்க இருந்தான்?"

"அந்த டிரைவர் பாக்குற இடத்துல."

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். என் ஆயுளில் முதல்முறையாக எங்கள் கழகம் ஒரு படத்தில் இருந்த மனிதரின் முகத்தை உற்றுப் பார்த்தது. கையைத் தூக்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறக்கினார்கள். பெரில் என்னை விட்டு விலகினாள். சுவருக்குப் பக்கத்தில் போய், அந்தத் திறந்த வாயின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டாள்.

ட்ரெவர் க்வில்லியத்தைக் கொன்றது நான். தெரிந்துதான் செய்தேன். இதை எழுதியதில் எனக்கு மனம் லேசாக இருக்கிறது, கொஞ்சம் குதியாட்டமாகக்கூட இருக்கிறது. பெரிலுக்கு உண்மை தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எழுந்து நின்று சொன்னேன். எனக்கென்று இதில் எதுவும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயம். மேசை மேல் நீங்கள் உறையில் போட்டு வைத்திருக்கும் படத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. 'பழைய ரயில் படம். எடுத்தவர்: உறுதியாகவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் அதைத் திருத்தி, என் பெயரைப் போட்டுவிடுங்கள்.