ஒரே செம்புக் குடத்துத் தண்ணீர்

"எனக்க ஈரல்லயும் செம்பு கெடக்காம்க்கா."

நாகர்கோவிலில் இருந்து கடியப்பட்டணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த தங்கச்சி சொன்னாள். பக்கத்தில் அக்காள். ஆஸ்பத்திரி ஃபைலைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"செம்ப வெளிய தள்ள முடியாத கோளாறு மக்கா. அப்பனும் அம்மையும் ஆளுக்கொரு பழுதான ஜீனாட்டு தந்தது. ரெண்டுபேருக்கும் ஒரே கோளாறுதான்."

"பின்ன எனக்குக் கை ஏன் நடுங்கல? நீ குடிச்ச செம்புக் குடத்துத் தண்ணியத்தான் நானும் குடிச்சேன். செம்பு நெறைய உள்ள சிப்பியும் உன்னவிடக் கூடுதலாட்டுத் தின்னேன்."

"அதத்தான் நானும் டாக்டரம்மாட்ட கேட்டேன். உடம்புல பொடிப்பொடியா ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு உண்டாம். அதுல ஒரு வகை, புரோட்டீன் ஒண்ணும் செய்யாதாம். எந்த ஜீன் எவ்வளவு வேல செய்யணும்னு கூட்டும், குறைக்கும். முன்ன அத வெறும் குப்பைன்னு நெனச்சிருந்தாவளாம். உன்ன இதுவர தாங்கினது அதாட்டு இருக்கலாம்னாவ. உறுதியாட்டுத் தெரியாதாம், இன்னும் தேடுகாவளாம்."

தங்கச்சி தன் உள்ளங்கையை ஜன்னல் வெயிலில் விரித்து வெகுநேரம் பார்த்தாள்.

"குப்பையா? எனக்குள்ள இருந்துகிட்டு, எனக்கே தெரியாமலா?"

"இத்தன வருசம் அது ஒத்தைக்கு நின்னிருக்கு. இனி நீயும் கூட நில்லு. இந்தா, உனக்கு எழுதின மாத்திர."

அக்காள் அட்டையிலிருந்து பிதுக்கிய மாத்திரை நடுங்கும் விரல்களிலிருந்து நழுவியது. கீழே விழும் முன் தங்கச்சியின் கை அதைப் பிடித்துக்கொண்டது.