செத்த பிறகு சிரித்த ராஜா

தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் என் முன் சீட்டில், கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஒரு பையனும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நேத்து செத்தப்புறம் ஏன்ப்பா சிரிச்ச?” என்றாள் அவள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன மேடையில் போடும் நாடகத்தில் அவன் ராஜா, அவள் ராணி என்று பிறகுதான் புரிந்தது.

“உன் கண்ணீர் காதுல விழுந்து கூசுது. கொஞ்சம் தள்ளி அழேன்.”

“இன்னிக்கும் சிரிச்சா வேற ராஜாவப் போட்டுருவேன்னு டைரக்டர் சார் சொல்லிட்டாரு. வேற ஆளு மடியில செத்தா எனக்கு அழுகையே வராது.”

வெளியே ரோஜாத் தோட்டங்கள் பனியில் மிதந்து போயின.

“அப்ப சாகப் பழகிக்கறேன்” என்று அவள் தோளில் சாய்ந்து கண்ணை மூடினான். உதடு சிரித்துக்கொண்டே இருந்தது.

“சரி சிரி, இங்க சார் இல்ல” என்றாள்.