கீழவாஞ்சூர் காய்ந்து கிடந்த வரைபடம்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, மறைந்த நம் சௌந்தரவல்லி அம்மாவின் கணவர் தெட்சிணாமூர்த்தி ஐயா அவர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் திருநள்ளாற்றிலிருந்தும் கீழவாஞ்சூரிலிருந்தும் வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெருமக்களே, இளவேனிலாகிய எனது வணக்கம். நமது வெள்ளக் கணிப்பு மையம் தொடங்கிய நாள் முதல் முனைவர் சௌந்தரவல்லி அம்மையாரோடு வேலை பார்த்தவன் நான். இன்று அழுவதற்காக வரவில்லை. கோபத்தோடு வந்திருக்கிறேன்.

புயல் வந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கணக்கிடும் மென்பொருள் நம்மிடம் அன்றும் இருந்தது. சூப்பர் கம்ப்யூட்டரும் இருந்தது. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகுதான் விடை வரும். அந்தக் கணிப்பு யாருக்கு? அம்மா என்ன செய்தார் தெரியுமா? ஒரே கணக்கைப் பல நூறு விதமாகப் பிரித்து ஓடவிட்டு, இந்த மெஷினுக்கு எது வேகம் என்று மென்பொருளே தேடிக்கொள்ளும்படி எழுதினார். நாங்கள் அனுபவத்தை வைத்து யோசனை சொன்னால், "நீங்க சொல்லாதீங்க தம்பி, ஓடவிட்டு மெஷினக் கேளுங்க" என்பார்.

ஒருநாள் பத்து மடங்கு வேகம் கிடைத்தது. லட்டு வாங்கினோம். பத்திரிகைக்குச் செய்திகூடத் தயார். அம்மா மட்டும் வரைபடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது முந்தைய புயலின் கணக்கு. அந்தப் புயலில் கீழவாஞ்சூரில் முழங்கால் அளவு தண்ணீர். எங்கள் வரைபடத்திலோ கீழவாஞ்சூர் காய்ந்து கிடந்தது. கரையோரத்தையே கணக்கில் சேர்க்காத ஒரு விதத்தை, வேகமானது என்று மென்பொருள் தேர்ந்தெடுத்திருந்தது. வேகத்தை மட்டும் தேடச் சொன்னோம், அது வேகத்தை மட்டும் தேடியது. அம்மா நேரே இயக்குநர் அறைக்குப் போனார். "தப்பான பதிலச் சீக்கிரமா சொல்றதுக்கு நாம எதுக்குங்க?" என்று கேட்டுச் செய்தியை நிறுத்தினார். லட்டை யாரும் தொடவில்லை.

அன்று முதல், விடை சரியா என்று பார்த்த பிறகே வேகத்தைப் பார்க்கும்படி அதை மாற்றினார். அடுத்த புயலில் தண்ணீர் வருமுன்பே கீழவாஞ்சூர் மக்கள் பள்ளிக்கூடத்தில் ஏறிவிட்டார்கள். அவர்களில் பலர் இதோ இங்கே அமர்ந்திருக்கிறார்கள்.

இப்போது புது மெஷின் வந்திருக்கிறது. தலைமையகம் என்ன சொல்கிறது? அம்மா போய்விட்டார், இனித் தேடுவதெல்லாம் வேண்டாம், இங்கே எங்கள் மெஷினுக்கு ஒத்துவந்த கணக்கு முறையையே அங்கேயும் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறது. அடுத்தவன் அளவுக்குத் தைத்த சட்டையை நாம் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்? அம்மாவோடு அந்த வேலையும் முடிந்தது என்பவர்களுக்கு அவர் செய்தது இன்னதென்றே புரியவில்லை. தான் இல்லாவிட்டாலும் அது தேட வேண்டும் என்றுதானே அவர் எழுதினார்?

இயக்குநர் அவர்களே, உங்கள் முன்னிலையிலேயே சொல்கிறேன். புது மெஷினில் அம்மாவின் தேடலை ஓடவிட்டுவிட்டுத்தான் இந்த மண்டபத்துக்கு வந்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. விளக்கம் கேட்டால் தருகிறேன், நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டேன். எங்கள் மையத்தில் யாரும் நிறுத்த மாட்டார்கள். முதல் சோதனை இன்றும் கீழவாஞ்சூர்தான். அங்கே ஏறிய தண்ணீரைச் சரியாகக் காட்டாத எந்த வேகமும் எங்கள் வாசலைத் தாண்டாது.