அழித்தாலும் போகாதது

“அண்ணி, நீங்க அழிச்சது வீட்டு நம்பரை மட்டும்தான் லா. வீடு அப்படியே இருக்கு.”

லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இரு பெண்களில் இளையவர் இப்படிச் சொன்னார். அண்ணி மடியில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

“தீபாவளிக்கு வீட்டோட சேர்த்து இதையும் சுத்தம் பண்ணேன். மகளோட சின்ன வயசுப் படமெல்லாம் போச்சு.”

“போகல அண்ணி. உள்ள சுத்துற தட்டுல எல்லாம் குட்டிக் குட்டிக் காந்தமா பதிஞ்சிருக்கும். அழிச்சா, எது எங்க இருக்குங்கற குறிப்புதான் போகும். மேல வேற எதையும் ஏத்தலைன்னா திரும்ப எடுத்துடலாம். ஏத்துனீங்களா?”

“நாடகம் ஏத்தலாம்னு உட்கார்ந்தேன். தூங்கிட்டேன்.”

“நல்ல தூக்கம், அண்ணி!”

அண்ணி சிரித்துவிட்டார். எனக்குத்தான் வியர்த்தது. நானும் தீபாவளிக்குச் சுத்தம் செய்தவன்தான். குளியலறையில் பாடிப் பதிவு செய்த என் பாட்டுகளையெல்லாம் அழித்துவிட்டு, பழைய கணினியைப் பழைய சாமான் வாங்கும் காருங்குனிக்காரரிடம் கொடுத்திருந்தேன்.

அதை வாங்குகிறவர் உடனே நிறைய நாடகம் ஏற்ற வேண்டும், நடுவில் தூங்கிவிடக் கூடாது என்று இறங்கும்வரை வேண்டிக்கொண்டே வந்தேன்.