வரிசையில் காத்திருந்த மணி

என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் சின்னக் கேள்விகள்தான், ஐயா. ஒரு பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும்போதே நடுவில் ஒன்றை நீக்கலாமா? கூடாது, நகல் எடுத்து வைத்துக்கொண்டு நீக்க வேண்டும். கணினித் திரையில் நேற்று மூடிய ஜன்னல்கள் இன்று திறந்தால் அதே இடத்தில் இருக்கின்றனவே, எப்படி? நாம் சேமிப்பது நிரலை மட்டுமல்ல, அந்த நொடியில் உள்ளே உயிரோடு இருக்கும் அத்தனையையும். வேண்டாத பொருளை எப்படி அழிப்பது? அழிக்கவே வேண்டாம். யாரும் பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் தானாகப் போய்விடும். ஒரே ஒருவர் பிடித்திருந்தாலும் போகாது.

இந்தக் கடைசிப் பதிலைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அத்தான் ஞாபகம் வரும்.

அத்தான் என் அக்காவின் கணவர், குளிர்கிடங்கின் முதலாளி. படிப்பு முடிந்து சும்மா இருந்தவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர். அதை நான் மறுக்கவில்லை. கிடங்கின் கதவு, விசிறி, மணி எல்லாவற்றையும் நடத்தும் நிரல் நான் எழுதியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே புகுந்து திருத்தலாம் என்பதால் அதை நான் நிறுத்தியதே இல்லை. வருடக்கணக்கில் அங்கங்கே ஒட்டுப்போட்டு ஓட்டியதில், அது எப்படி ஓடுகிறதென்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாமல் போனது. ஆப்பசைத்த குரங்கின் கதை தெரியுமல்லவா? இங்கே ஆப்பும் என்னுடையது, மாட்டிக்கொண்ட வாலும் என்னுடையது.

போன வருடம் வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. மனைவி முன்னால் போய் வீடு பார்த்துவிட்டாள். எனக்குப் பதிலாக ஒருவரைப் பழக்கிவிட்டுக் கிளம்பலாம் என்று டீச்சரை வேலைக்குச் சேர்த்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர், பிள்ளைகள் வளர்ந்த பிறகு நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். புரியும்வரை விடாமல் கேட்பார். அப்படிப்பட்டவர்களை எனக்குப் பிடிக்கும்.

அத்தான் செய்த காரியம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் புது நிறுவனத்துக்குப் போன் போட்டு, இவனுக்குக் கை சுத்தமில்லை என்று சொல்லியிருக்கிறார். மறைக்கக்கூட இல்லை.

"உன் நல்லதுக்குத்தான் மாப்ளே," என்று சிரித்தார். "நீ போயிட்டா இதையெல்லாம் யாரு பாக்குறது? டீச்சர் உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்."

அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவள் கையில் கரண்டிகூட ஆடவில்லை. எனக்கு அழுகை வந்தது, சோற்றோடு சேர்த்து விழுங்கினேன். வேலை கைவிட்டுப் போனதைச் சொன்னபோது மனைவி கோபப்படவில்லை. "நீங்க அங்கேருந்து வரவே போறதில்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தாள். அதன் பிறகு எடுக்கவில்லை.

அத்தானின் பிடி விட்டால் நான் போய்விடலாம். என் கணக்கு அவ்வளவுதான்.

கிடங்கின் கோடியில் மீனையும் இறைச்சியையும் கல்லாக உறைய வைக்கும் அறை ஒன்று உண்டு. பெரிய விசிறிகள், தடித்த சுவர், உள்ளே போன் எடுக்காது. வெளியிலிருந்து அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும், ஆள் உள்ளே போனதும் மூடிக்கொள்ளும். உள்பக்கக் கைப்பிடி உடைந்து வெகுநாளாகிறது. எத்தனையோ முறை சொன்னேன், அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார் அத்தான். ஆகவே வெளியே வர உள்ளே இருக்கும் மணியை அமுக்க வேண்டும். என் நிரல் கதவைத் திறந்துவிட்டு அலுவலகத்திலும் மணி அடிக்கும். சுமைதூக்குபவர்களுக்கு விடுமுறை நாளில், மதியம் சாப்பிட்டதும், அத்தான் தனியாகப் போய்ச் சரக்கைப் பார்ப்பார். எட்டிப் பார்ப்பதற்கு எதற்குக் கோட்டு என்று சட்டையோடு போவார்.

அன்றும் போனார். என் திரையில் ஒரு ஜன்னல் திறந்தது.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். நிரலில் ஓரிடத்தில் 'நில்' என்று எழுதினால் அங்கே வந்ததும் அந்த வேலை நின்று, ஒரு ஜன்னல் திறக்கும். உள்ளே இருக்கும் எதையும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். பிறகு 'தொடர்' என்ற பொத்தானை அமுக்கினால், ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து ஓடும். அன்று நின்றது அந்த ஒரு கதவின் வேலை மட்டும். விசிறிகள் பாட்டுக்குச் சுற்றின.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏதாவது பிழையா சார்?"

"பாக்கலாம் டீச்சர். என்னன்னு புரியாம 'தொடர்' அமுக்கக்கூடாது. அதுதான் முதல் பாடம்."

மணி அழைப்புகள் சேரும் வரிசையைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு அழைப்பும் ஒரு பொருளாக வந்து பின்னால் நிற்கும்.

"ஒண்ணு கூடிடுச்சு சார். இதோ, இன்னொண்ணு. யாரு அமுக்குறாங்க?"

"சோதனைக்கு நான் வெச்சது."

வரிசையில் எதுவும் தொலைந்து போகாது, முதலில் வந்தது முதலில் போகும் என்று சொல்லிக்கொடுத்தேன். வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அழைப்புகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போவதை டீச்சரே கவனித்தார். அதை எப்படி அளப்பது என்று கேட்டார். வழி சொன்னேன். அவரே ஒரு வரி எழுதினார், ஒரே தடவையில் ஓடியது. குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார். நான் நடத்தியதிலேயே நல்ல பாடம் அதுதான்.

"நின்னுடுச்சு சார்," என்றார் பிறகு.

"சோதனை முடிஞ்சுது."

இன்னும் சில சந்தேகங்களைத் தீர்த்து வைத்தேன். வெளியே வெயில் சாய்ந்திருந்தது. "இப்ப 'தொடர்' அமுக்கலாம். நீங்களே அமுக்குங்க டீச்சர்," என்றேன். அமுக்கினார்.

கதவு திறந்திருக்கும். அலுவலக மணி அடித்தது. ஓய்ந்தது, மறுபடி அடித்தது. காத்திருந்த அழைப்புகள் ஒன்றுவிடாமல் வந்துகொண்டிருந்தன. எந்த அறையின் மணி என்று டீச்சருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தார், பிறகு ஓடினார். நான் எல்லாவற்றையும் சேமித்தேன்.

அந்த 'நில்' அங்கே எப்படி வந்தது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. காலையில் நான் எழுதியது. அத்தானின் அட்டை பட்டு, அவர் உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டால் மட்டும் நிற்கும்படி.

ஆனால் நான் எங்கும் போகவில்லை, ஐயா. நேற்று உங்கள் போலீஸ்காரர்கள் கிடங்கின் கணினியை இந்த லாக்கப் அறைக்கே தூக்கி வந்தார்கள். கிடங்கில் இரண்டாம் கதவு திறக்க மாட்டேன் என்கிறதாம், சரக்கு கெட்டுவிடுமாம். அவனைத்தான் கேட்க வேண்டும் என்று அக்கா சொல்லியனுப்பியிருக்கிறாள். சரிசெய்து கொடுத்தேன். நாளைக்கும் வருவார்கள்.

இன்று காலை டீச்சர் வந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கேள்வி கேட்காமல் போய்விடுவாரோ என்றுகூட நினைத்தேன்.

"சார், வரிசை கூடிட்டிருந்தப்பவே நான் அமுக்கியிருந்தா, அவரு பொழச்சிருப்பாரா?"

"பொழச்சிருப்பாரு டீச்சர்," என்றேன்.

கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்ல வேண்டுமல்லவா? அவரிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.