பீச்சாங்கையை யார் பார்த்துக்கொள்வது

— இன்னைக்கு 1987 பெப்ரவரி எட்டு, ஞாயித்துக்கிழமை. சான் அமாரோ சர்க்கரை ஆலை மைதானம். பேஸ்பால் ஆட்டம் ரெண்டு மணிக்கு.

— கேட்டியா ஃபெர்மின்? காலையில கண்ணு முழிச்சதுலேருந்து இதே பாட்டுதான். இன்னைக்கு செவ்வாய்க்கிழமைங்க, ஆலைய மூடி இருபது வருஷம் ஆச்சுங்கன்னா, யாரு பெத்த பொம்பளையோன்னு என்னைப் பார்க்குறாரு. கட்டின புருஷன்!

— விடு ஒடாலிஸ். அவன் சொல்ற தேதியில தப்பில்லையே. அன்னைக்குத்தானே இவன் பீச்சாங்கையால பந்து போட்டுக் கோப்பைய ஜெயிச்சோம். டேய் பீச்சாங்கை, தோள் எப்படிடா இருக்கு?

— சூடா இருக்கு மச்சான். பசங்க எங்க? ஒருத்தனையும் காணோம். சீனன் எங்க?

— வந்துடுவான்டா.

— அவர்கிட்ட பொய் சொல்லாத ஃபெர்மின். அப்புறம் பொழுதுக்கும் வாசல்லயே நிப்பாரு. சீனன் மயாமில லாரி ஓட்டுறான்னு உள்ளதைச் சொல்லேன்.

— போன வாரம் சொன்னேன். ஆட்டத்தன்னைக்கு லாரி ஓட்டப் போயிட்டானா, அப்ப ஷார்ட் ஸ்டாப்புல உங்கப்பனா நிப்பான்னு என் சட்டையப் பிடிச்சுட்டான். நியாயமான கேள்விதானே?

— பெனிக்னோ? முதல் பேஸ் காலியா கிடக்கு பாரு.

— அவன் ஜெபம் பண்ணிட்டிருக்கான்டா. முடிச்சுட்டு வருவான். இது பொய்யில்ல ஒடாலிஸ், முறைக்காத. அவன் பாஸ்டர்தானே இப்ப.

— அவனா! அம்பயரோட அம்மா, பாட்டி எல்லாரையும் சந்திக்கு இழுத்த வாயி அது. அந்த வாயில வேத வசனம்!

— தொண்டை அதே தொண்டைதான். மைக்கே வேணாம். வார்த்தைதான் மாறிப்போச்சு.

— ஒஸ்மானி எங்க மச்சான்?

— அவனா... அவன் ரொம்ப தூரம் ஓடிட்டான்டா. பந்து ரொம்ப தூரம் போயிடுச்சு.

— பிடிச்சுடுவான். அவன் கையில விழாத பந்து இல்ல.

— ஆமாடா. பிடிச்சுடுவான்.

— ஃபெர்மின், காபியக் குடி. ஆறுது. ஒஸ்மானியோட அம்மா இன்னும் கடற்கரைப் பக்கமே போறதில்ல, தெரியுமா? மயாமிக்குன்னு டயரைக் கட்டி மிதந்து போனவன் எந்தக் கரையில ஏறினானோ. சர்க்கரை கம்மியா இருக்கும், குடிச்சுக்க. சர்க்கரை ஆலை ஊர்ல சர்க்கரை இல்ல. என் கருமம்.

— காபி இருக்கட்டும். உன் மக யாமிலா எனக்குப் போன் பண்ணினா.

— உனக்கும் பண்ணிட்டாளா! என்ன சொன்னா?

— எங்க சொன்னா? அழுதா. நான் அவளுக்கு ஞானஸ்நானத்துல கைத்தாங்கின ஆளு. என்கிட்ட அழாம யார்கிட்ட அழுவா? ரெட்டைப் பிள்ளையாம், படுக்கைய விட்டு எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஸ்பெயின்ல, அந்த சரகோசால அவளுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்க ஆளில்ல. டிக்கெட்ட கையில வெச்சுக்கிட்டு எங்கம்மா வர மாட்டேங்கிறாங்க மாமான்றா.

— எப்படிப் போவேன், நீயே சொல்லு. வியாழக்கிழமை ஹவானாலேருந்து விமானம். இந்த மனுஷனை என்ன செய்யட்டும்? மடிச்சுப் பெட்டியில வைக்கட்டுமா? கன்னியாஸ்திரீங்க நடத்துற முதியோர் இல்லம் இருக்கேங்கிறா மக. போய்ப் பார்த்தேன். சுத்தமாத்தான் இருக்கு. பிள்ளைங்க கணக்கா பார்த்துக்குறாங்க. ஆனா மத்தியானச் சாப்பாடு ஆனதும் கதவைப் பூட்டிடுறாங்க. ரெண்டு மணிக்கு ஆட்டம்னு நிக்கிற ஆளு, பூட்டின கதவை என்ன பண்ணுவாரு? முட்டியே மண்டைய உடைச்சுக்குவாரு.

— அதுக்குத்தான் வந்தேன். என் வீட்ல விட்டுட்டுப் போ.

— உன் வீட்லயா? நீயே ஸ்டூல்லேருந்து எந்திரிக்கச் சுவரைப் பிடிக்கிற. முட்டி ரெண்டும் போன ஆளு.

— எவன் பந்தைப் பிடிக்கக் குந்திக் குந்திப் போன முட்டி இது? அதுல இவனுக்கும் பங்கு இருக்குல்ல?

— விளையாடாத. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவியா, இவர் பின்னால ஓடுவியா?

— ஓட வேண்டியதே இல்ல. பக்கத்துல உக்கார வெச்சு டியூபைத் தண்ணியில முக்கிக் காட்டினேன். குமிழி வர்ற இடத்தைக் கப்புனு பிடிக்கிறான். நேத்து எனக்குத் தெரியாத ஓட்டையெல்லாம் இவன்தான் கண்டுபிடிச்சான். ரெண்டு டயர் இவனாலயே லாபம்.

— குளிக்க வைக்கிறது? அரை நாள் போகுது எனக்கு. குளிங்கன்னா முறைக்கிறாரு, சாப்பிடுங்கன்னா துப்புறாரு.

— நீ வாயால சொல்ற. அங்கதான் தப்பு.

— பின்ன எதால சொல்லணும்?

— ரேஷன் கடையில முட்டைய வீசினானே, ஞாபகம் இருக்கா?

— மறக்குற விஷயமா அது! காபி ரெண்டு பொட்டலந்தான் மிச்சம்னு அந்த ஆளு ஸ்டூல்ல உக்காந்தபடியே ரெண்டு விரலைத் தொடைகிட்ட வெச்சுக் காட்டினான். அவ்வளவுதான். இவரு கூடையிலேருந்து ஒரு முட்டைய எடுத்தாரு பாரு... அது வளைஞ்சு போச்சு ஃபெர்மின்! முட்டை வளைஞ்சு போய் அவன் நெஞ்சுல உடைஞ்சுது. அந்த மாசத்து முட்டை. வரிசையில நின்னவன்லாம் கை தட்டுறான், எனக்கு அழுகையா வருது.

— ஆட்டத்துல நான் குந்தி விரலைக் காட்டுவேன், அதைப் பார்த்துத்தான் இவன் பந்து போடுவான்; ரெண்டு விரல்னா வளைவுப் பந்து. இவன் மேல என்ன குத்தம்? கடைக்காரன் தப்பான சைகை குடுத்துட்டான். அன்னைக்குத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இவனுக்கு வார்த்தைதான் போயிருக்கு, சைகை போகலை. நீ ரொட்டி வரிசையில நிக்கிறப்பல்லாம் இவனை வெச்சுப் பழக்கினேன். ஒரு விரல் சாப்பாடு. ரெண்டு குளியல். மூணு படுக்கை. முஷ்டிய மூடினா, அசையாம நில்லு.

— எனக்குத் தெரியாமயா?

— தெரிஞ்சா சிரிச்சிருப்ப. அந்த பீன்ஸ் சோத்தை அவன் முன்னால வை. கரண்டிய அவன் பக்கம் போடு. இப்ப நான் இப்படி உக்காந்து... டேய் பீச்சாங்கை, இங்க பாரு.

— சொல்லு மச்சான்.

— ஒண்ணு.

— சரி.

— எடுக்குறாரே! ஃபெர்மின், கரண்டிய அவரே எடுக்குறாரே! மாதாவே... மெல்றாரு. துப்பலை. ஆறு மாசமா நான் ஊட்டிக்கிட்டு...

— அழாத. அழுதா அவன் கவனம் சிதறும். சாப்பிடட்டும்.

— அதுக்காக எல்லாப் பாரத்தையும் உன் தலையில கட்டிட்டு எப்படிப் போறது?

— என் ஒருத்தன் தலையில இல்ல. ரைட் ஃபீல்டுல நின்னானே ரெமிஹியோ, பீட்சாக் கடை போட்டிருக்கான்ல, ராத்திரிச் சாப்பாடு அவன் பொறுப்பு. ஞாயித்துக்கிழமை பெனிக்னோ தேவாலயத்துக்குக் கூட்டிட்டுப் போய் முன் வரிசையில உக்கார வெச்சுக்குறானாம். மாத்திரை, டயபரெல்லாம் சீனன் அனுப்புறேன்னான். ஷார்ட் ஸ்டாப்புல நிக்க முடியாததுக்கு இதாவது செய்யுறேன்னு போன்ல மூக்கைச் சிந்தினான், லாரி ஓட்டிக்கிட்டே. அணியில பாதி கல்லறையில, பாதி கடலுக்கு அந்தப் பக்கம். மிச்சம் இருக்குறவங்க இவ்வளவுதான். போதும்.

— எல்லாம் சரி. எனக்கு வேற ஒண்ணு உறுத்துது.

— சொல்லு.

— அவர்கிட்ட கேக்காமப் போனா ஓடிப்போன மாதிரி இருக்கும். கலியாணம் ஆனதுலேருந்து, நீங்கல்லாம் வெளியூர் ஆட்டத்துக்குப் போன நாள் தவிர, பிரிஞ்சதே இல்ல. கேட்டாலும் அவருக்குப் புரியப் போறதில்ல. பொண்டாட்டி போறாங்கிறதுக்கு உன்கிட்ட விரல் இருக்கா?

— இல்ல. அதை நீயே சொல்லணும். முன்னால போய் நின்னு சொல்லு.

— நிவால்தோ. என்னைப் பாருங்க. நான் யாமிலாகிட்டப் போகணும்.

— பாப்பாவுக்குப் பல்லு முளைச்சுருச்சா?

— முளைச்சுருச்சுங்க. அவளுக்கே இப்ப பிள்ளை பிறக்கப் போகுது. நான் பக்கத்துல இருக்கணும். கோடை முடியுறதுக்குள்ள வந்துடுவேன். அதுவரைக்கும் நீங்க ஃபெர்மின் வீட்ல இருக்கணும். இருப்பீங்களா? சொல்லுங்க... ஃபெர்மின், தலைய இடமும் வலமுமா ஆட்டுறாரு. மாட்டேங்கிறாரு, பாத்தியா? நான் சொன்னேன்ல. போதும், டிக்கெட்டைத் திருப்பிடலாம்.

— அவசரப்படாத. பந்து போடுற பிட்சர் தலைய ஆட்டினா மாட்டேன்னு அர்த்தமில்ல. வேற சைகை காட்டுன்னு அர்த்தம். அவனுக்குப் பிடிச்சது வர்ற வரைக்கும் காட்டிக்கிட்டே இருக்கணும். டேய், இங்க பாரு. ஒண்ணு? சரி, சாப்பிட்டாச்சு. ரெண்டு? அதுவும் இல்லியா. மூணு? முஷ்டி?... என்னதான்டா வேணும் உனக்கு?

— எந்திரி மச்சான்.

— என்னது?

— எந்திரிச்சு நில்லு. ஓரமாப் போ. கைய நீட்டு.

— என்ன சொல்றாரு ஃபெர்மின்? எதுக்கு உன்னை எந்திரிக்கச் சொல்றாரு? நீ ஏன் எந்திரிக்கிற?

— இரு... சுவரைப் பிடிச்சுக்குறேன். ஒடாலிஸ், இது இவன் கேக்கவே கேக்காத பந்து. பந்து பிடிக்கிற கேட்சர் எந்திரிச்சு ஓரமா நின்னு கைய நீட்டினா, மட்டைக்கு எட்டாத தூரத்துல நாலு பந்து போடணும். எதிர்ல மட்டையோட நிக்கிறவங்ககிட்ட மோதாம, தடுக்காம, முதல் பேஸுக்கு அனுப்பி விட்டுடறது. கோச் கத்தினாலும் இவன் மாட்டான். ஒருத்தனையும் சும்மா விட மாட்டேன், என்னை அடிச்சுட்டுப் போகட்டும்பான். பைனல்ல இதுக்காகக் கோச்சோட சண்டையே போட்டான். இவன் கூட விளையாடின காலம் பூரா நான் ஒரு தடவைகூட இப்படி எந்திரிச்சு நின்னதில்ல.

— இப்ப யாரை விடச் சொல்றாரு?

— எதிர்ல நிக்கிறது நீதானே.

— புரிஞ்சுதான் சொல்றாரா?

— தெரியலை ஒடாலிஸ். சத்தியமாத் தெரியலை.

— அவ போகட்டும் மச்சான். அடுத்த ஆளை நாம பாத்துக்கலாம்.

— அவரு சட்டை, செருப்பு, ரெண்டு துண்டு எல்லாம் ஒரு பையில போட்டு வைக்கிறேன் ஃபெர்மின். நாளைக்குச் சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போ. வியாழக்கிழமை நான் கிளம்புறேன்.