கடைசி வீட்டு ரொட்டிப் பை

"கடைசி வீட்டுச் சாவியைக் குடுங்க மேயர் சார்."

எதை வேண்டுமானாலும் கேள், அந்தச் சாவியை மட்டும் கேட்காதே என்று அம்மா சின்ன வயதிலிருந்தே சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டேன். மேயர் காதில் வாங்காத மாதிரி அடுப்பில் விறகைத் தள்ளினார்.

பனி கொட்டியதில் கரண்ட் இல்லை. ஊர்ப் பொதுக்கூடத்தில், விறகு அடுப்பைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஈர நாய் வாடை, முட்டைக்கோஸ் சூப் வாடை. காணாமல் போன என் தம்பி லோயிக்கைத் தேடுவதை இருட்டியதும் நிறுத்திவிட்டு வந்தவர்கள், கதை பேச ஆரம்பித்திருந்தார்கள்! மதுக்கடை ஓடெத், யாரோ சிநேகிதியின் மச்சானுக்கு நடந்ததாக அந்த வீட்டுக் கதையைத் தொடர்ந்தாள்.

"எதுக்கு ஓடெத்க்கா மச்சான்? லோயிக்னே சொல்லுங்களேன். வேணாம், நானே சொல்றேன்."

"காலேஜ் முடிச்ச புள்ள பேய்க்கதை சொல்லப்போகுதுடோய்," என்றான் வேட்டைக்கார மார்செல். யாரும் சிரிக்கவில்லை.

சொன்னேன்.

காலை ஆறு மணி. விடியவில்லை. மேட்டுச் சாலையில் லோயிக்கின் ரொட்டி வண்டி மட்டும்... ஊரைச் சுற்றியிருக்கும் தனி வீடுகளில் ரொட்டி வேண்டியவர்கள் கேட்டில் துணிப்பை மாட்டி வைப்பார்கள். ஹாரன் அடி, பையில் போடு, அடுத்த கேட். வீட்டைப் பார்க்கிற பழக்கமே கிடையாது. கை தானாக ஓடும்.

அன்றும் ஓடியது. சாம்பல் நிறப் பை. போட்டான். வளைவு தாண்டிய பிறகுதான் உறைத்தது... அது கடைசி வீடு. வாரிசில்லாமல் ஊராட்சியிடம் வந்த வீடு. ஜன்னலெல்லாம் ஆணியடித்தது.

மறுநாளும் பை தொங்கியது. உள்ளே ரொட்டித்தூள். ஈர மண் வாடை.

மேயரிடம் சொன்னான். "இனிமே போடாத," என்றார் அவர். போடவில்லை. அடுத்த காலை எங்கள் கேட்டில் தொங்கியது, அதே சாம்பல் நிறப் பை. எரித்தான். அதற்கு அடுத்த காலை வண்டி மட்டும் மேட்டுச் சாலையில் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு ரொட்டிகூடக் குறையவில்லை. எல்லாமே கவிழ்ந்து கிடந்தன. எங்கள் பக்கம் யாரும் ரொட்டியைக் கவிழ்த்து வைக்க மாட்டோம். சாவைக் கூப்பிடுகிற மாதிரி அது.

"குளம் பாத்தீங்க. காடு பாத்தீங்க. அந்த வீட்டை ஏன் பாக்கல?"

"அது திறக்கிற வீடில்ல, மாயேல்." மேயர் ரேமோன் தீயையே பார்த்தார்.

"திறக்கவும் மாட்டீங்க, தேடவும் மாட்டீங்க. அவன் செத்துட்டான்னு முடிவே பண்ணிட்டீங்க. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி சார்!"

"கத்தாதடி பொண்ணே, அதுக்குக் கேட்டுடப் போகுது..." என்றாள் ஓடெத்.

வெளியே ஹாரன். இரண்டு குட்டை, ஒரு நீளம். லோயிக் அடிக்கிற மாதிரியே.

அவன் வண்டியைக் கொண்டுவந்து சதுக்கத்தில் பூட்டி வைத்திருந்தோம். அதன் சாவி என் சட்டைப்பையில்.

நாய்கள் மேசைக்கடியில் நுழைந்தன. ஒருவரும் எழவில்லை. இத்தனைக்கும் துப்பாக்கிகள் சுவரில் சாய்ந்திருந்தன. மேயர் கோட்டுக்குள் கைவிட்டு, துருப்பிடித்த சாவியை மேசையில் வைத்தார். பக்கத்தில், சூப்புக்கு வைத்திருந்த ரொட்டி கவிழ்ந்திருந்தது. சற்று முன் நான்தான் அதை நேராக வைத்திருந்தேன்.

சாவியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். வாசலெங்கும் புதுப்பனி. ஒரு கால்தடம் இல்லை. கைப்பிடியில் சாம்பல் நிறப் பை.

உள்ளே லோயிக்கின் கையுறை, ஒற்றை. விரல்விட்டுப் பார்த்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

"மாயேல், வேணாம்மா..."

திரும்பி வந்து, அந்த வீட்டுக்குக் கொடுக்க அந்த ரொட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். கதவைச் சாத்தாமலே மேட்டுச் சாலையில் கடைசி வீட்டை நோக்கி நடந்தேன்.